கண்ணாடிக்குள் ஒரு கட்டைவிரல்

"வளையத்தை மாத்துங்க தம்பி. கண்ணாடிக்கு உள்பக்கம் பதிஞ்சிருக்க அவரு கைரேகைய மட்டும் அழிச்சிராதீங்க" என்றாள் பியூலா. காரின் முகப்பு விளக்குகளுக்குள் அந்த ஒளிவளையங்களைத் தன் கையாலேயே பொருத்திய கணவன் இப்போது இல்லை. பட்டறைக்காரன் செல்வின் விளக்கைக் கழற்றிச் சூடாக்கி, பசையை இளக்கி, கண்ணாடியைக் கழற்றினான். எரியாத வளையத்துக்குப் பதில் புதிதாக ஒன்றைச் செய்து வைத்தான். மூடுமுன் கண்ணாடியின் உட்புறத்தைத் துணியால் ஒரு துடை துடைப்பது பத்து வருடப் பழக்கம். துடைத்த பிறகுதான் உறைத்தது. பிறகு அதே இடத்தில் தன் கட்டைவிரலை அழுத்திவிட்டு, மறுபடி சூடுகாட்டி மூடினான்.

வண்டியில் மாட்டியதும் பியூலா சுவிட்சைப் போட்டாள். வெள்ளை வளையத்துக்கு நடுவே ரேகை துலங்கியது. அவள் குனிந்து, வெளியிலிருந்து அதன்மேல் விரலை வைத்தாள்.

"இன்னும் சூடா இருக்கு தம்பி."

செல்வின் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டான்.