போத்தலில் மீன் இல்லை

அன்று ஞாயிற்றுக்கிழமையா, ஏதாவது பொது விடுமுறையா என்பது ரூபனுக்கு இப்போது நிச்சயமில்லை. யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதும் மாறி மாறி வருகிறது. பூபாலசிங்கம் அந்த ஒயின் போத்தலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மீனைத் தேடியது மட்டும் அப்படியே நிற்கிறது.

பூபாலசிங்கம் அனுஜாவின் அப்பா. ஈப்போ நகரில் பெரிய அரசாங்கப் பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். அனுஜாவைப் பெண் கேட்டு ரூபன் அவர் வீட்டுக்குப் போயிருந்தான். அவர் தலையாட்டினால் தை மாதம் நிச்சயதார்த்தம்.

"வெளிய நான் எதையும் சாப்பிடுவேன் ரூபன். வீட்டுல முடியாது. அப்பா வீகன், பால்கூடத் தொடமாட்டாரு" என்று அனுஜா பத்து மாதங்களுக்கு முன்பே சொல்லியிருந்தாள். "ஆனா சிவப்பு ஒயின் பிடிக்கும். வீட்டுக்கு வர்றப்ப பாத்து வாங்கிட்டு வா."

அன்றிலிருந்து ரூபன் மீனையும் இறைச்சியையும் விட்டான். எந்த ஒயின் ஆகும், எது ஆகாது என்று படித்துப் படித்துக் கண் வீங்கியது. "போத்தல்ல மீன் தேடுற மொத ஆளு நீதான்லா, மச்சான்" என்று கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் அவன் நண்பன் சுரேன் சிரித்தான்.

"தம்பி, இதில மீன் இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறீர்?" பூபாலசிங்கம் மூக்குக் கண்ணாடியை இறக்கினார். "லேபலில ஒண்டும் போடேல்லையே."

"லேபல்ல போடலைங்கிறத நம்ப முடியாது அங்கிள். புது ஒயின் கலங்கலா இருக்கும். தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு போடுவாங்க, பால்ல எடுத்த புரதம் போடுவாங்க, மீனோட காத்துப் பைகூடப் போடுவாங்க. அது அழுக்க இழுத்துக்கிட்டு அடியில தங்கிரும், வடிகட்டிருவாங்க. அதனால பேரு வெளிய வர்றதில்ல."

"பிறகு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

"வீகன் முத்திரை இருக்கணும். இல்லன்னா தெளிய வைக்காத ஒயின்னு எழுதியிருக்கணும். ரெண்டும் இல்லன்னா செஞ்சவங்களையே கேட்டுறணும்."

"கேட்டனீரோ?"

ரூபன் நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினான். ஒயின் செய்தவர்களின் பதில். "இவங்க ஒரு வகைக் களிமண் போட்டுத்தான் தெளிய வைக்கிறாங்களாம்."

அவர் தாளை இரண்டு முறை படித்தார். "மற்றவை எந்த மீனின்ர பை போடுறவை?"

"ஏதோ வெளிநாட்டு மீனாம் அங்கிள்."

"கொடுவா மீனின்ர பையெண்டா நல்ல தடிப்பாய் இருக்கும்" என்றார் அவர், தனக்குள் சொல்வதுபோல. அவர் மனைவி அம்பிகை இருமினார். எவ்வளவு விஷயம் தெரிந்து வைத்திருக்கிறார் மனிதர் என்று ரூபன் வியந்தான்.

பாலில்லாத தேநீர் வந்தது. அனுஜா தட்டை வைத்துவிட்டுத் தரையைப் பார்த்து நின்றாள்.

"அப்பா என்ன வேலை?"

"அப்பா இப்ப இல்ல அங்கிள். பேரு பத்துமலை. சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் எஸ்டேட்ல பால்மரம் வெட்டுனாரு."

பூபாலசிங்கம் கையிலிருந்த தாளை மடித்து அவனிடமே திருப்பிக் கொடுத்தார். தேநீர் ஆறிப் போனது.

"அம்மாவும் கவிச்சிய விட்டுட்டாங்க அங்கிள்" என்றான் ரூபன் அவசரமாக. "சட்டியெல்லாம் புதுசா மாத்திட்டோம்."

பூபாலசிங்கம் போத்தலை மேசையில் வைத்து, இரண்டு விரலால் மெல்ல அவன் பக்கம் தள்ளினார்.

"இந்தப் போத்தல் சரி, தம்பி. குறை சொல்ல ஏலாது. ஆனா உங்கட ஆக்கள் வருவினம், போவினம், சமைப்பினம். ஒவ்வொரு சட்டியையும் ஆர் பார்க்கிறது? மீன் வாடையே ஆகாத வீடு இது. கோவிக்காதையும்."

வாசல்வரை வந்தவள் அனுஜா மட்டும்தான். "நான் என்ன செய்ய ரூபன்? சாப்பாட்டு விஷயத்துல அப்பா மாறவே மாட்டாரு." அவள் கண் கலங்கியிருந்தது. ரூபனுக்கு அவள்மேல் இரக்கம்தான் வந்தது. தப்பு தன் வீட்டுச் சட்டியில் என்று நம்பிக்கொண்டே காரை எடுத்தான்.

நடந்தது இவ்வளவுதான். மறு வருடம் அனுஜா இளங்கீரன் என்ற பல் மருத்துவரைக் கட்டிக்கொண்டு கடலோர லூமுட்டுக்குப் போனாள். பூபாலசிங்கமும் அம்பிகையும் பாதி நாள் அங்கேதான் இருக்கிறார்கள். ரூபனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அவன் அம்மா கலாதேவி சிலிபின் வட்டாரத்தில் இருக்கும் தங்கள் வீட்டில் இன்றும் மீன் சமைப்பதில்லை. ஏன் என்றும் கேட்பதில்லை. போத்தல் திறக்கப்படாமல் குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருக்கிறது.

அனுஜாவின் கல்யாண விருந்து ஈப்போவில், ஒரு சீன உணவகத்தில் நடந்தது. படம் எடுக்கப் போனவன் சுரேன். மறுநாள் ரூபன் வீட்டுக்கு வந்தவன் கேமராப் பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தான்.

"சாப்பாடெல்லாம் வீகனா?" என்று ரூபன்தான் கேட்டான்.

சுரேன் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"அவ அப்பாவுக்கு மீன் காத்துப் பை சூப்பு ரெண்டாங் கிண்ணம் ஊத்திக் குடுத்ததே அனுஜாதான், மச்சான்."