கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் அரம்

சடையப்பன் பட்டறை போட்டு முதன்முதலில் செய்த அரத்தை விற்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டு ஆபீஸ் மேசைமேல் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பிறந்த அரங்களெல்லாம் லாரி ஏறி ஊர் ஊராகப் போயின. தகரக் கொட்டகை மாடிக் கட்டடமாயிற்று. வருகிறவர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்து மெச்சுவார்கள். யாரும் தொட மாட்டார்கள்.

ஒருநாள், லாரி ஏறிப் போன அரங்களில் ஒன்று பல்லெல்லாம் தேய்ந்து திரும்பி வந்தது. அதை அடித்துக் கத்தியாக்கப் போகிறார்கள். கொண்டுவந்த ஆள் பெட்டிக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான்.

"அண்ணே, உங்களுக்கு ஒரு பல்லுகூடத் தேயலையே!" என்றது தேய்ந்த அரம்.

"நான் இன்னும் இரும்பையே தொட்டதில்லப்பா. அது எப்படி இருக்கும்?"

"காது கிழியும், உடம்பு கொதிக்கும். ஆனா எந்நேரமும் ஒரு கை நம்மளப் பிடிச்சிருக்கும்ணே."

சாப்பிட்டு வந்த ஆள் அதை உலைக்கு எடுத்துப் போய்விட்டான்.

ஆயுத பூஜை வந்தது. வருஷத்தில் அன்றைக்கு மட்டும்தான் பெட்டி திறக்கும். சடையப்பன் அரத்தைத் துடைத்துப் பொட்டு வைத்தார்.

"நம்ம மூத்த பிள்ளை. எப்படி வச்சிருக்கேன் பாருங்க!" என்று வந்தவர்களிடம் காட்டினார்.

திரும்ப வைக்கும்போது அரம் அவர் கட்டைவிரலை உரசியது. "ஸ்ஸ்" என்று கையை உதறிக்கொண்டு பெட்டியை மூடினார்.

பல்லிடுக்கில் அவர் தோல் துளியூண்டு ஒட்டியிருந்தது. அடுத்த ஆயுத பூஜை வரை அரம் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.