நடுச்சுவர்

"தறிய நிறுத்திட்டு வெளிய வா குமரேசா! உன் தறி போடுற ஆட்டத்துல என் வீட்டுச் சுவரு பொளந்துகினு கீது!"

தெருவில் நின்று கிருஷ்ணம்மாள் போட்ட கூச்சலில் நாலு பவர்லூம் இரைச்சலும் தோற்றுப்போனது.

லாவண்யா மாவுக் கையோடு வாசலுக்கு ஓடி வந்தாள். பதில் சொல்ல வேண்டிய அவள் கணவன் குமரேசனோ, வாத்தியாரிடம் மாட்டிக்கொண்டவனைப் போல விழித்துக்கொண்டு நின்றான்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பழைய காலத்துக் கருங்கல் அஸ்திவாரம். இந்தப் பக்கம் குமரேசனின் தறிகள். அந்தப் பக்கம் கிருஷ்ணம்மாள், நெசவுக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுத்துத் தனியாகப் பிழைக்கிறாள். அவள் பக்கமாகச் சுவர் கீழே இறங்கி, கை நுழையும் அளவுக்கு விரிசல் விட்டிருந்தது. அடுத்த மழைக்குத் தாங்காது. விழுந்தால் அவள் பாய் மேல்தான் விழும்.

"அக்கா, எங்க தறியால தான்னு யாரு உங்களுக்குச் சொன்னது?" என்றாள் லாவண்யா.

"விஷயம் தெரிஞ்ச ஆளு தான் சொன்னாரு. நீ உள்ள போ. நான் உன் புருஷன்கிட்ட பேசிகினு கீறேன்."

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் பஞ்சாயத்து கூடியது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை மறுத்துப் பேச வேண்டுமே குமரேசன்!

"தப்பு என்னுது தாங்க. அஸ்திவாரத்த நானே சரி பண்ணிக் குடுத்துடறேன்."

"இத அந்தம்மா தெருவுல வந்து கத்தறதுக்கு முன்னாடியே செஞ்சிருக்கலாம் இல்ல?" என்று ஒரு பெரியவர் குத்தினார். குமரேசன் அதற்கும் தலையாட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் லாவண்யா பொரிந்து தள்ளிவிட்டாள்.

"ஊரே பாக்க குத்தவாளியா நின்னுட்டு வந்துகீறீங்களே! அஞ்சாவது தறிக்குன்னு சேத்து வச்சத எடுத்து அவங்க சுவத்துக்குக் குடுக்கணுமா?"

"சுவரு விழுந்தா ஒரு உயிரு லாவண்யா. வுடு."

"நாம இன்னா கெடுதல் நெனச்சோம்? போன மழைக்கு முட்டுக் குடுக்கக் கட்டை எடுத்துகினு போனீங்களே, இன்னா சொன்னாங்க? 'யாரு தயவும் எனக்கு வேணாம்'னு வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க இல்ல?"

அது உண்மைதான். கிருஷ்ணம்மாளுக்கு வாய் நீளமே தவிர, யாரிடமும் ஒரு பிடி உப்பு கேட்டுக் கை நீட்டியதில்லை.

தெள்ளார் பக்கமிருந்து தருமன் மேஸ்திரி ஆட்களோடு வந்தார். சுவருக்குச் சவுக்குக் கட்டை முட்டுக் கொடுத்தார். அடியில் கொஞ்சம் விட்டுக் கொஞ்சமாகத் தோண்டினார். தோண்டிய இடத்தில் கான்கிரீட் போட்டு, அது இறுகிய பிறகுதான் பக்கத்தில் கை வைத்தார். ஒரேயடியாகத் தோண்டினால் சுவர் அப்படியே உட்கார்ந்துவிடுமாம்.

கிருஷ்ணம்மாள் பக்கத்திலேயே மணை போட்டு உட்கார்ந்து அதிகாரம் செய்தாள். "சிமெண்ட நல்லா போடு மேஸ்திரி! அடுத்தவன் காசு தானேன்னு ஏமாத்திட்டுப் போவாத!"

லாவண்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வேலை செய்கிறவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? தினமும் டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அன்றைக்கு அவள் டீயோடு போனபோது கிருஷ்ணம்மாள் இல்லை. சுற்றிய தாரைக் கொடுக்கப் போயிருந்தாள். சுவரடியிலிருந்து சாம்பல், கொட்டாங்குச்சி, உடைந்த ஓடு என்று கூடை கூடையாகக் குப்பை வந்துகொண்டிருந்தது.

"இது இன்னா மேஸ்திரி?"

"பழைய தறிக்குழிமா. இவங்க வீட்டுக்காரரு கைத்தறி போட்டிருந்த எடம். சுவர ஒட்டியே நோண்டிட்டாரு. பின்னால தறிய எடுத்ததும் குப்பையக் கொட்டி மூடி, மேல சிமெண்டு பூசிட்டாங்க. தண்ணி எறங்கி எறங்கி, அஸ்திவாரக் கல்லு இடுக்குல மண்ணே இல்ல."

"அப்போ எங்க தறி?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லமா. உங்க தறி தனி மேடை மேல தானே நிக்குது."

லாவண்யாவுக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறியது. தப்பு அவர்கள் வீட்டுக் குழியில். கெட்ட பெயர் மட்டும் என் புருஷனுக்கா?

"இப்பவே தெருவக் கூட்டறேன் பாருங்க! மொதல்ல, அவங்க காதுல தறி தான்னு ஓதின ஆளு யாருன்னு எனக்குத் தெரிஞ்சாவணும்."

தருமன் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நான் தாம்மா."

"நீயா? எங்க வீட்டு டீயக் குடிச்சிகினு, இன்னாயா பொழப்பு இது?"

"சத்தம் போடாதீங்கமா. மழைக்கு முன்னாடி சுவரப் பாக்கச் சொல்லி அந்தம்மா தான் கூப்ட்டாங்க. குழி தான் காரணம்னு தட்டிப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. நாளைக்குச் சொல்றேன்னு வெளிய வந்தேன். ஒருத்தரு வழியில மடக்கி விசாரிச்சாரு. சொன்னேன். 'குழின்னு சொல்லாத, குமரேசன் தறின்னு சொல்லு'ன்னாரு."

"எவன்யா அவன்?"

மேஸ்திரி சுவரைக் காட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க வீட்டுக்காரரு தாம்மா. 'இனாமா கட்டித் தரேன்னா அந்தக்கா செத்தாலும் ஒத்துக்க மாட்டாங்க மேஸ்திரி. தப்பு என்னுதுன்னா சண்டை போட்டாவது வாங்கிப்பாங்க'ன்னாரு."