சாட்சித் திட்டு

"ஏட்டி, இங்க வா. இந்தத் திட்டைப் பாரு. நேத்து சாயங்காலத்துக்கு இப்ப ஒரு சாண் உசந்து நிக்கி. மண்ணு என்ன வெண்டிச் செடியா, விடியறதுக்குள்ள வளர?"

சந்தனமேரி மண் கூடையை இறக்கிவிட்டுப் பார்த்தாள். "எனக்கென்ன தெரியும்? வளர்ந்தா நமக்கு நல்லதுதான" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு ஜேசுதாசனுக்குப் போதும். எட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவனுக்குப் பெண்டாட்டியின் கள்ளச் சிரிப்பு தெரியாதா?

பருத்தி விலை படுத்தபோது, ராஜபாளையத்தில் அவர்கள் வேலை பார்த்த பருத்தி அரவை ஆலையும் படுத்துவிட்டது. பிழைப்புப் போனவர்களுக்கென்று ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கண்மாயில் மண் வெட்டும் வேலையைத் தொடங்கியது சர்க்கார். ஆழத்தை அளக்க, ஒவ்வொரு குழியின் நடுவிலும் பழைய தரையை அதன் புல்லோடு ஒரு திட்டாக விட்டுவிட வேண்டும். அதுதான் சாட்சி. திட்டின் தலையிலிருந்து குழியின் அடிவரை ஓவர்சியர் கோல் வைத்துப் பார்ப்பார். சனிக்கிழமைக்கு மூன்று அடி இருக்க வேண்டும். குறைந்தால் அந்தக் குழிக்காரர்கள் பேரை எல்லாம் கூலி நோட்டிலிருந்து அடித்துவிட்டு, கரையில் காத்துக் கிடக்கும் வத்திராயிருப்பு ஆட்களைச் சேர்த்துக்கொள்வார்கள்.

இன்று சனிக்கிழமை. இவர்கள் குழியிலோ இரண்டடிக்குக் கீழே மண்வெட்டி இறங்காத சுக்கான் பாறை. பஞ்சைத் தொட்டுப் பழகிய கைகள் கொப்புளம் கொப்புளமாக வெடித்ததுதான் மிச்சம். மூன்று அடிக்கு ஒரு சாண் குறைந்தது. அந்த ஒரு சாணைத்தான் யாரோ பச்சைப் புல்லோடு மண்ணைப் பெயர்த்துத் திட்டின் தலையில் வைத்து, ஒட்டுத் தெரியாமல் தட்டிவிட்டிருந்தார்கள்.

"பொய்சாட்சி சொல்லாதேன்னு கோயில்ல படிச்சிட்டு, இங்க மண்ணைப் பொய்சாட்சி சொல்ல வச்சிருக்க. பாவசங்கீர்த்தனத்துல சாமியார்ட்ட என்னன்னு சொல்லுவ?"

"நான் வைக்கலைங்கேன்! வச்சவுக சொல்லிக்கிடட்டும். பேரை அடிச்சுட்டா பிள்ளையளுக்குக் கஞ்சி யாரு ஊத்துவா, சாமியாரா?"

ஜேசுதாசன் மண்வெட்டியைக் கையில் எடுத்தான். பிள்ளைகள் இரண்டும் கண்முன் வந்து நின்றன.

அதற்குள் ஓவர்சியர் சௌந்தரபாண்டியன் வந்துவிட்டார். வாயைத் திறந்தாலே வசவு. வெள்ளைக் கால்சட்டையில் இரண்டு முழங்காலிலும் செம்மண்.

"என்ன பாக்குத? கரையில வழுக்கி விழுந்துட்டேன். விலகுலே!" என்று கோலை நாட்டினார். "ம்... மூணு அடி. சரியா இருக்கு."

தப்பித்தோம் என்றிருந்திருக்கலாம். ஜேசுதாசனுக்கு அது முடியவில்லை. "ஐயா, அதுல ஒரு சாணைக் கழிச்சிருங்க. திட்டு மேல யாரோ மண்ணு வச்சிருக்காவ" என்றான்.

ஓவர்சியர் முகம் கறுத்தது. நெற்றியில் வேர்வை துளிர்த்தது. "யாரு? யாருலே பாத்தது?"

சந்தனமேரி தலையைக் குனிந்தாள். அவளை மாட்டிவிட அவனுக்கு மனம் வருமா?

"நான்தான்யா வச்சேன்."

"இல்லய்யா, நான்தான்!" சந்தனமேரி முன்னால் வந்தாள். "என்னையக் காப்பாத்தப் பொய் சொல்லுதாவ. என் பேரை மட்டும் அடிங்க."

கூட வெட்டுகிற கருத்தையா மண்வெட்டியைப் போட்டான். "ரெண்டு பேரும் பொய்யி. வச்சது நான்தான்யா."

ஓவர்சியர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். ஏதோ சொல்ல வந்து விழுங்கினார். பிறகு குபீரென்று சீறினார்: "சர்க்கார் கோலு மூணு அடின்னு சொல்லுது. அதுக்கு மேல பேச நீங்க யாரு? இனிமே எவனாவது திட்டுல கை வச்சான்னு கேட்டேன், பேரை அடிச்சிருவேன். போங்க!"

நோட்டில் மூன்று அடி என்று எழுதிவிட்டு விறுவிறுவென்று நடந்துவிட்டார். ஜேசுதாசனுக்கு மூச்சு வந்தது. கஞ்சிக்குப் பங்கமில்லை, மனசிலும் பாரமில்லை.

சாயங்காலம் கரையேறும்போது அவன் மெல்லச் சொன்னான்: "காலையிலேயே ஒத்துக்கிட்டிருந்தா நான் வைஞ்சிருக்க மாட்டேன்லா, மேரி."

"எதை ஒத்துக்கிட? நான் தொடவே இல்ல. உங்க பேரு போயிருமேன்னு சொன்னேன். நீங்கதான் வச்சுட்டு என் மேல பழியைப் போடுதீகன்னுல்லா நினைச்சேன்!"

"நானா? நான் உனக்காகல்லா சொன்னேன்! அப்ப கருத்தையா, நீதானா?"

"நான் எங்க வச்சேன்? உங்க ரெண்டு பேரையும் அனுப்பிட்டா, அந்தச் சுக்கான் பாறையோட ஒத்தையில நான் மல்லுக்கட்டவா?"

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சந்தனமேரிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "அப்போ வச்சது யாரு? மோட்சத்துல இருந்து சம்மனசு இறங்கி வந்து வச்சுட்டுப் போச்சா?"

கருத்தையா கண்மாய்க்குள் கையை நீட்டினான்.

தறி நின்றுபோன நெசவாளர்களின் குழி அது. திங்கட்கிழமை அதற்கு அளவு. ஆளரவம் இல்லாத அந்தக் குழிக்குள் ஓவர்சியர் சௌந்தரபாண்டியன் இரண்டு முழங்காலையும் மண்ணில் ஊன்றி, பச்சைப் புல்லோடு பெயர்த்த ஒரு சாண் மண்ணைத் திட்டின் தலையில் வைத்து, ஒட்டுத் தெரியாமல் தட்டிக்கொண்டிருந்தார்.