ஏரிமேல் பனி

போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் கணவர் நல்லது என்று சொன்னால்தான் போட்டிக்கு அனுப்புவது என்று முடிவு செய்து, தான் எடுத்த ஏரிப் படத்தை அவரிடம் நீட்டினாள். மூன்று வருடமாக அவர் குறை மட்டுமே சொல்லியிருக்கிறார்.

படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தவர் மெல்லச் சிரித்தார்.

"அடடா! இப்பதான்டி நீ போட்டோகிராபர். பனி வெளிச்சத்த வடிகட்டி எல்லாப் பக்கமும் பரப்பிவிடும். அதான் நிழலே விழாம, கரை, கொக்கு எல்லாம் கனவுல வர்ற மாதிரி மிதக்குது. விடியறதுக்கு முன்னாடியே போயிட்டியா?"

தரையில் கால் பாவாமல் நின்றவள் படத்தை எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு எடுத்தது. சுள்ளுனு வெயில். பனியே இல்லைங்க."

அவர் படத்தை வைத்துவிட்டு, கண்களைக் கசக்கிக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்போ... ரெண்டு மாசமா உன் முகத்துல தெரியிற பனி?"