திருத்தாத பிரிவு

கட்டுரையைத் திருத்திக் கொடுத்தால் பிள்ளைகளின் எழுத்து வளருமா, விட்டுவிட்டால் வளருமா? இதுதான் ஆராய்ச்சி. ‘அ’ பிரிவுக் கட்டுரைகளை ஆய்வு மாணவி பக்கம் பக்கமாகத் திருத்திக் கொடுத்தாள். ‘ஆ’ பிரிவில் கட்டுரைகளைப் பற்றி அவள் வாயே திறக்கக் கூடாது என்பது பேராசிரியரின் கண்டிப்பு.

அந்தப் பிரிவின் முதல் பெஞ்சு வாயாடி வாரம் தவறாமல் கேட்பாள். “எப்படி இருக்கு மிஸ்?”

“வாங்கிக்கிட்டேன்மா.” தொண்டைவரை வந்த பாராட்டை விழுங்கிவிட்டு ஆய்வு மாணவி நகர்ந்துவிடுவாள்.

வருடக் கடைசியில் ‘ஆ’ பிரிவின் எழுத்துதான் எங்கேயோ உயர்ந்திருந்தது. பேராசிரியர் துள்ளிக் குதித்தார். “பாத்தியா? சும்மா விட்டாலே பிள்ளைங்க தானா வளருது!” அன்றே அறிக்கையைக் கல்வித் துறை மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார்.

விடுமுறைக்குப் பள்ளி மூடும் நாளில் ஆய்வு மாணவி தடை நீங்கிய சந்தோஷத்தோடு வாயாடியைத் தேடிப் போனாள்.

“இத்தனை நாள் சொல்ல முடியலம்மா. நீ அருமையா எழுதற!”

வாயாடிக்குக் கண் கலங்கிவிட்டது. “அப்பவே சொல்லியிருக்கலாமே மிஸ்? நீங்க ஒண்ணுமே சொல்லலையா, எனக்கு எழுதவே வரலைன்னு அம்மா டியூஷன்ல சேத்துட்டாங்க. எங்க ‘ஆ’ பிரிவே அங்கதான் வருது. அந்த சார் ஒரு எழுத்துப் பிழையைக்கூட விட மாட்டார்.”

ஆய்வு மாணவி உடனே பேராசிரியரைப் போனில் பிடித்து விஷயத்தைச் சொன்னாள்.

“தலைக்கு மேல வெள்ளம் போயிடுச்சும்மா,” என்றார் அவர். “இனிமே எந்தப் பள்ளிக்கூடத்துலயும் கட்டுரையைத் திருத்தக் கூடாதுன்னு இன்னிக்குக் காலையில உத்தரவு போட்டுட்டாங்க.”