இன்னொரு தட்டு

ஹோட்டல் சமையற்கட்டில் முதலாளி தட்டை மாஸ்டர் பக்கம் நகர்த்தினார். தட்டில் தேங்காய்ச் சோறு.

"சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லுங்க மாஸ்டர். சமைக்கத் தெரியும்னு நிறைய பேர் வந்துட்டுப் போயிட்டாங்க. எனக்கு வேண்டியது நாக்கு."

மாஸ்டர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். இரவெல்லாம் பஸ்ஸில் கசங்கிய சட்டை. மனைவியும் மகளும் பஸ் நிலையத்தில் டிரங்குப் பெட்டியோடு இருந்தார்கள். பழைய வீட்டைக் காலி செய்துவிட்டுக் கிளம்பியிருந்தார்கள். இந்தச் சமையல் வேலையோடு மாடியில் ஓர் அறையும் உண்டு. வேலை இல்லையென்றால் அறையும் இல்லை, திரும்பிப் போக வீடும் இல்லை.

ஒரு வாய் எடுத்துப் போட்டார்.

ஒன்றும் தெரியவில்லை.

தெரியாது என்பது அவருக்குத் தெரியும். போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல், போகும்போது வாசனையையும் ருசியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு எது வாய்க்குள் போனாலும் நனைந்த காகிதம்தான். பழைய இடத்தில் ஒரு நாள் குழம்புக்கு இரண்டு முறை உப்புப் போட்டார். இன்னொரு நாள் போடவே இல்லை. அன்றோடு வேலை போயிற்று. மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

கண் இருந்தது. கண்ணால் பார்த்தார்.

சோறு உதிரி உதிரியாக இருந்தது. தேங்காய்த் துருவல் சிவக்காமல் பதமாக இறங்கியிருந்தது. கடுகு வெடித்திருந்தது. முந்திரி பொன்னிறம். கறிவேப்பிலை பல்லில் நொறுங்கியது. செய்த கை தொழில் தெரிந்த கை.

உப்பு கொஞ்சம் கம்மி என்று சொல்லிவிடலாம். கம்மியாக இல்லாவிட்டால்?

யோசிக்க நேரம் வேண்டும். இன்னொரு வாய் எடுத்தார். தொண்டையில் ஏதோ லேசாக உரசியது. மிளகாயாக இருக்கும்.

இன்னொரு வாய்.

மூலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த வேலைக்கார அக்காவின் கை நின்றது. அடுப்பு துடைத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். முதலாளி வாயைத் திறக்கப்போய் மூடிக்கொண்டார்.

ரசித்துச் சாப்பிடுகிறவனைத்தான் அப்படிப் பார்ப்பார்கள் என்று மாஸ்டர் நினைத்தார். வேகத்தைக் கூட்டினார். தலையாட்டினார். ஒரு முறை கண்ணைக்கூட மூடித் திறந்தார். கடைசிப் பருக்கையை விரலால் ஒற்றி எடுத்து வாயில் போட்டார்.

"ஒரு குறையும் இல்லீங்க. செஞ்ச கைக்குத் தங்க வளையல் போடணும்."

"ஐயையோ, அண்ணே," என்றாள் அக்கா. முந்தானை மூக்கில் இருந்தது.

முதலாளி தட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காறிக் கெட்டுப்போன தேங்காய் அது. தெரிஞ்சேதான் போட்டேன். வர்ற ஆளுக்கெல்லாம் முதல்ல இதைத்தான் வைக்கிறது. நேத்து வந்தவர் மோந்து பார்த்ததுமே தட்டைத் தள்ளிட்டு, இதை உன் மாமியாருக்குக் கொண்டுபோய்ப் போடுன்னு கிளம்பிட்டார். பின்னாடியே ஓடிக் கூப்பிட்டேன், நிக்கலை. நீங்க என்னன்னா தட்டையே வழிச்சு வெச்சிருக்கீங்க."

மாஸ்டருக்குக் காது சுட்டது. எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. பஸ் நிலையத்தில் காத்திருப்பவர்களை நினைத்து உட்கார்ந்தே இருந்தார்.

முதலாளி குரலைத் தாழ்த்தினார்.

"சாப்பிட்டு எவ்வளவு நேரமாச்சு மாஸ்டர்?"

முதலில் புரியவில்லை. புரிந்ததும் அந்தச் சாக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். உண்மையில் விடிகாலையில் பஸ் நின்ற இடத்தில் மனைவி, மகள், அவர் மூன்று பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தார்கள்.

"நேத்து காலையில சாப்பிட்டதுங்க," என்றார். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. அது மட்டும் பொய்யில்லை.

பட்டினி என்று வேண்டுமானால் நினைத்துக்கொள்ளட்டும். நாக்கில்லாதவன் என்று நினைக்காமல் இருந்தால் போதும்.

முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோளில் கிடந்த துண்டால் மூக்கைத் துடைத்தார்.

"பாவி நான். பசிச்சு வந்த மனுஷனுக்கு இதையா வைப்பேன்."

அக்கா யாரும் சொல்லாமலே உள்ளே போனாள். இன்னொரு தட்டு வந்தது. மத்தியான வியாபாரத்துக்கு அப்போதுதான் கிளறி இறக்கிய சோறு. விளிம்பு வரை வைத்திருந்தாள். அடுப்பு துடைத்துக்கொண்டிருந்தவர் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

முதலாளி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முதுகில் கை வைத்தார்.

"அவசரமே இல்லை. முதல்ல வயிறு அடங்கட்டும். பசியில யாருக்கு நாக்கு வேலை செய்யும்? அப்புறமா சொல்லுங்க. இதுல என்னவோ ஒண்ணு இடிக்குது, எங்க யாருக்கும் பிடிபடலை. நீங்க சொல்லிட்டீங்கன்னா மாடி ரூம் இன்னிக்கே உங்களுது."

எப்படியாவது சரியாகச் சொல்லிவிட வேண்டுமே என்று மூன்று பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் ஒரு வாய் எடுத்தார்.

சூடாக இருந்தது. அது மட்டும் தெரிந்தது.